கல்லும் ஏடும் காந்தத் தட்டும்

மாந்தர் தம் அறிவைப் பின்வருவோர்க்கு வைத்துச்செல்ல மேற்கொண்ட முயற்சிகளின் வரலாறு, ஒருவகையில், வெம்மையோடும் ஈரத்தோடும் அவர் நடத்திய போரின் வரலாறேயாம். திருகோணமலைக்கு வடக்கே, சாம்பல்தீவை அடுத்த சல்லி முதலிய கடற்கரை ஊர்களில் வாழ்வோர்க்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை. உப்புக்காற்று இரும்பைத் தின்கின்றது. மாரிக்கால ஈரம் ஏட்டிற் பூஞ்சணத்தை வளர்க்கின்றது. கோடை வெம்மை அதனை முறியச் செய்கின்றது. இத்தகைய நிலத்தில் எவ்வகை எழுத்து, எவ்வாறு நிலைபெற்றது என்பது ஆராயத்தக்கது.

எழுத்தைத் தாங்கும் பொருள்களுள் வெயிலுக்கும் மழைக்கும் அஞ்சாதது கல். ஆயினும் 1624ஆம் ஆண்டிற் போர்த்துக்கேயர் திருக்கோணேச்சரத்தை இடித்து, அதன் கற்களைக் கோட்டை கட்டப் பயன்படுத்தினர். குளக்கோட்டன் திருப்பணியோடு தொடர்புறுத்தப்படும் தமிழ்ச் சாசனத்தின் ஒரு பகுதியே, கயல் உருவங்களோடு, கோட்டை வாயிலில் எஞ்சியுள்ளது. மறுபுறம், குளக்கோட்டன் வகுத்த திருப்பணி முறைகளைக் கூறும் ‘கோணேசர் கல்வெட்டு’ முழு நூலாகவே கிடைக்கின்றது. பெயரிற் கல்வெட்டாயினும் அஃது ஏட்டில் வாழ்ந்த நூல். வலிய கல் சிதைய, மெலிய ஓலை பிழைத்ததற்குக் காரணம் யாது? கல் ஓரிடத்தில் ஒன்றாய் நின்றது. ஓலை படியெடுக்கப்பட்டுப் பலவாயிற்று என்பதே விடையாகும்.

படியெடுப்போர் குறைந்தபோது ஏடுகளும் அழிந்தன. சிறுப்பிட்டியில் 1832இற் பிறந்து, சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளுள் ஒருவரான சி. வை. தாமோதரம்பிள்ளை இவ்வழிவைக் கண்ணாரக் கண்டவர். தொட்ட மாத்திரத்தே உதிரும் சுவடிகளிலிருந்து 1881இல் வீரசோழியத்தையும் 1887இற் கலித்தொகையையும் அவர் அச்சேற்றினார். அச்சும் படியெடுத்தலே, வேகமும் எண்ணிக்கையுமே வேறு.

1956ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஐ.பி.எம். நிறுவனம் முதலாவது வன்தட்டை வெளியிட்டது. 24 அங்குல விட்டமுடைய 50 தட்டுக்கள் சுழன்ற அப்பொறி, ஏறத்தாழ ஒரு தொன் நிறையுடையதாயிருந்தும், 50 இலட்சம் உரோம எழுத்துக்களையே தாங்கிற்று. அதே ஆண்டிலேயே ஆதர் சி. கிளார்க்கும் மைக் வில்சனும் சுவாமி மலையடிக் கடலில் மூழ்கி, இடிந்த கோயிலின் தூண்களைக் கண்டனர் என்பது நினைவுகூரத்தக்கது. 1988இல் ஆல்பேட் ஃபேர்ட், பீற்றர் குருன்பேர்க் ஆகியோர் தனித்தனியே கண்டறிந்த பெருங்காந்தத்தடை விளைவு, தட்டை வாசிக்கும் தலைகளை நுண்மையாக்கிற்று. 2007இல் இருவரும் நோபெல் பரிசு பெற்றனர். 2024இல், கையில் அடங்கும் ஒரு தட்டு 30 இலட்சம் கோடி எழுத்துக்களைக் கொண்டது. முதற்பொறியின் 60 இலட்சம் மடங்கு.

இவ்வளர்ச்சியை மறித்து நின்றதும் வெம்மையே. தட்டில் ஒவ்வொரு குறியும் நுண்ணிய காந்தத் துகள்களின் திசையாற் குறிக்கப்படும். துகள் சிறுக்கச் சிறுக்க, அறையின் சாதாரண வெப்பமே அதன் திசையைப் புரட்ட வல்லதாகும். புரளாத துகள் வேண்டி இரும்பும் பிளாற்றினமும் கலந்த உலோகத்தை அறிஞர் நாடினர். அதுவோ எழுதுந் தலைக்கும் பணிய மறுத்தது. ஆதலின், எழுதுமிடத்தை இலேசர் ஒளியால், நொடியின் நூறு கோடியில் ஓரிரு பங்கு நேரத்துக்குள், 400 பாகைக்கு மேற் சூடாக்கி, அது நெகிழ்ந்த கணத்தே எழுதி, உடனே குளிரவிடும் முறை வகுக்கப்பட்டது. பகையாய் நின்ற வெம்மை ஏவலாளாயிற்று.

கடுங்குளிரும் இலத்திரனியற் கருவிகட்குப் பகையே. வெவ்வேறு பொருள்கள் வெவ்வேறு அளவிற் சுருங்குதலால் ஒட்டுக்கள் வெடிக்கும், மின்கலம் வலுவிழக்கும். விழுப்புரத்தைச் சேர்ந்த ப. வீரமுத்துவேல் திட்டப் பணிப்பாளராயிருந்த சந்திரயான்-3இன் ‘விக்ரம்’ கலம் 23-08-2023 அன்று நிலவின் தென்முனைப் பகுதியில் இறங்கியது. அங்கே பகற்பொழுதில் மேற்பரப்பு 50 பாகையளவு சூடாயிருக்க, 8 சதமமீற்றர் ஆழத்தில் வெப்பநிலை சுழியத்துக்குக் கீழ் 10 பாகையளவிருந்தது. இரவிலோ குளிர் சுழியத்துக்குக் கீழ் 120 பாகையையும் கடக்கும். செப்தெம்பர் 4இல் உறங்கவைக்கப்பட்ட அக்கலம் பின்னர் விழித்திலது. எனினும் இழப்பொன்றுமில்லை. இரவு கவியுமுன்னரே அளவீடுகள் யாவும் பூமிக்கு அனுப்பப்பட்டுவிட்டன.

யாழ்ப்பாணப் பொது நூலகத்துக்கு இவ்வாய்ப்பு வாய்க்கவில்லை. 1981 மே 31 இரவு மூட்டப்பட்ட தீயில் ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. வேறெங்கும் படியுள்ளவற்றை மீண்டும் பெறலாயிற்று. ஒற்றைப் படியாயிருந்த ஏடுகள் என்றென்றைக்கும் மறைந்தன. 2005இல் ஈழத்துத் தமிழ்த் தன்னார்வலர் தொடங்கிய ‘நூலகம்’ எண்ணிம நூலகம், அப்பாடத்தின் பயன் எனலாம்.

ஆயின் வன்தட்டும் அழியாப் பொருளன்று. அதனை ஆக்குவோர் பொதுவாக மூன்று முதல் ஐந்து ஆண்டுகளுக்கே உத்தரவாதம் தருகின்றனர்; சுற்றுப்புறம் 60 பாகைக்கு மேற்படின் பெரும்பாலான தட்டுக்கள் இயங்குதற்கு உரியனவல்ல. நன்கு பேணிய ஓலை அதனினும் நெடுங்காலம் வாழும். கொள்ளளவு வேறு, நிலைபேறு வேறு. திருகோணமலை மாவட்டத்துக் கோயில்களிலும் இல்லங்களிலும் எஞ்சிய ஏடுகளையும் கையெழுத்துப் படிகளையும் தட்டில் ஏற்றுவது தொடக்கமே. ஓரூரில் ஒன்றும் வேற்றூரில் மற்றொன்றுமாக வைத்து, தட்டு ஓயுமுன் அடுத்த தட்டுக்கு மாற்றிவருவதே காப்பு. ஓலைக் காலத்து எழுத்தாளர் தலைமுறைதோறும் செய்த பணி அதுவே. கருவி மாறினும் கடமை மாறிற்றில்லை.