தறிக்கூடத்தின் கதவு: பணியிடத் தலைமைக் கோட்பாடுகளும் அம்பேத்கரின் கேள்வியும்



மேலாண்மைப் படிப்பை நான் இரண்டு ஆண்டுகள் படித்தேன். டெய்லர், மேயோ, மெக்ரெகர் ஆகிய பெயர்களைத் தேர்வுக்காக மனப்பாடம் செய்தேன். அந்த இரண்டு ஆண்டுகளில் எந்தப் பாடத்திலும் சாதி என்ற சொல் வரவில்லை. படிப்பு முடிந்து வேலைக்குப் போன முதல் வாரத்திலேயே மேலதிகாரி என் சொந்த ஊரைக் கேட்டார். ஊரைச் சொன்னதும் எந்தத் தெரு என்று கேட்டார். பாடத்தில் இல்லாதது பணியிடத்தில் முதல் கேள்வியாக நின்றது. இது எப்படி நேர்ந்தது என்று வரலாற்றில் தேடிப் பார்த்ததன் விளைவே இந்த உரை.

நவீன மேலாண்மைக் கோட்பாட்டின் தொடக்கமாகப் பாடநூல்கள் காட்டுவது ஃபிரெடரிக் வின்ஸ்லோ டெய்லரை. அறிவியல் மேலாண்மை பற்றிய அவருடைய நூல் 1911-இல் வெளிவந்தது. அமெரிக்காவின் பெத்லஹேம் உருக்காலையில் இரும்புப் பாளங்களைச் சுமந்து வண்டியில் ஏற்றும் வேலையை அவர் அளந்தார். நாளொன்றுக்கு 12½ டன் ஏற்றிக்கொண்டிருந்த இடத்தில் 47 டன் ஏற்ற வைத்தார். கூலி 1.15 டாலரிலிருந்து 1.85 டாலருக்கு உயர்ந்தது. உழைப்பு ஏறக்குறைய நான்கு மடங்கானபோது கூலி இரண்டு மடங்குகூட ஆகவில்லை. அந்தத் தொழிலாளியை எருதோடு ஒப்பிட்டு எழுதவும் டெய்லர் தயங்கவில்லை. ஆனாலும் அவர் சொன்ன ஒரு விதி கேட்பதற்கு நியாயமாக இருந்தது. ஒவ்வொரு வேலைக்கும் தகுதியான ஆளை அறிவியல் முறையில் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது அந்த விதி. பிறப்பைப் பார்க்காமல் திறனைப் பார்ப்பதுதானே அறிவியல்?

அந்த விதி பம்பாய்ப் பஞ்சாலைகளுக்கு வந்தபோது என்ன ஆனது என்று பார்ப்போம்.

பம்பாய் ஆலைகளில் தீண்டப்படாத மக்கள் ஆயிரக்கணக்கில் வேலை செய்தார்கள். நூற்புப் பிரிவில் அவர்களுக்கு இடம் உண்டு. நெசவுப் பிரிவில் இடமில்லை. கூலி கூடுதலாகக் கிடைத்ததோ நெசவில்தான். காரணம் தறியில் ஓடும் நாடா. நாடாவுக்குள் இருக்கும் தாரில் நூல் தீர்ந்ததும் புதுத் தாரைப் போட்டு, நூல்முனையை நாடாவின் துளை வழியே வெளியே எடுக்க வேண்டும். நெசவாளர் துளையில் வாயை வைத்து நூலை உறிஞ்சி எடுப்பார். ஒருவர் வாய் வைத்த நாடாவில் இன்னொருவர் வாய் வைக்க நேரும். தீண்டப்படாதவரின் எச்சில் பட்ட நாடாவைத் தொட மாட்டோம் என்று சாதி இந்து நெசவாளர்கள் சொன்னார்கள். நிர்வாகம் அதை ஏற்றுக்கொண்டது.

இதே நாடாவுக்கு வேறொரு வரலாறும் உண்டு. வாயால் உறிஞ்சும்போது பஞ்சுத்தூசி நெஞ்சுக்குள் போகிறது, நோய் பரவுகிறது என்று அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலம் அவ்வகை நாடாக்களைச் சட்டம் போட்டுத் தடை செய்தது. அந்த ஆண்டு 1911. டெய்லரின் நூல் வந்த அதே ஆண்டு. கையாலேயே நூல் கோக்கும் நாடா அப்போதே இருந்தது என்பதே இதன் பொருள். நாடாவை மாற்றியிருந்தால் நெசவாளரின் நெஞ்சும் பிழைத்திருக்கும், எச்சில் என்ற சாக்கும் போயிருக்கும்.

1920-களின் பிற்பகுதியில் பம்பாய் முதலாளிகள் 'திறன் உயர்த்தல்' என்ற பெயரில் மாற்றங்களைக் கொண்டுவந்தார்கள். இரண்டு தறி பார்த்தவரை மூன்று தறி பார்க்கச் சொன்னார்கள், ஆட்களைக் குறைத்தார்கள். தறிகளின் எண்ணிக்கையை மாற்ற முடிந்த நிர்வாகம், யார் தறியில் நிற்கலாம் என்ற விதியை மட்டும் மாற்றவில்லை. ஆள் எடுக்கும் அதிகாரமும் ஜாபர் என்றழைக்கப்பட்ட மேஸ்திரியின் கையில்தான் இருந்தது. அவர் தன் உறவையும் சாதியையும் ஊரையும் பார்த்து ஆள் சேர்த்தார், கையூட்டும் வாங்கினார். 1931-இல் அறிக்கை தந்த விட்லி ஆணையம் இந்த முறையைக் கண்டித்தது.

திறன் உயர்த்தலை எதிர்த்து 1928 ஏப்ரலில் தொடங்கிய பொது வேலைநிறுத்தம் அக்டோபர் வரை நீடித்தது. சுமார் ஒன்றரை லட்சம் தொழிலாளர்கள் பங்கேற்றார்கள். கம்யூனிஸ்ட் தோழர்களின் கிர்னி காம்கார் சங்கம் முன்னணியில் நின்றது. அப்போது அம்பேத்கர் ஒரு நிபந்தனை வைத்தார். நெசவுப் பிரிவில் தீண்டப்படாதவர்களுக்கு இடம் வேண்டும் என்பதையும் கோரிக்கைப் பட்டியலில் சேருங்கள் என்றார். சங்கத் தலைவர்கள் முதலில் தயங்கினார்கள், பிறகு சேர்த்தார்கள். கோரிக்கையைப் பார்த்த முதலாளிகள், இது அநீதி என்றால் அதற்கு நாங்கள் பொறுப்பல்ல என்று பதில் சொன்னார்கள். பூட்டியது தொழிலாளிகள், சாவி முதலாளிகளிடம். இரண்டு தரப்பையும் ஒருசேரக் கேள்வி கேட்ட தலைமை அம்பேத்கருடையது.

இந்தக் கேள்வி கேட்கப்படாவிட்டால் என்ன நடக்கும் என்பதற்குச் சென்னையே சாட்சி. பம்பாய் வேலைநிறுத்தத்துக்கு ஏழு ஆண்டுகளுக்கு முன், 1921-இல், பக்கிங்ஹாம் கர்நாடிக் ஆலைகளில் வேலைநிறுத்தம் நடந்தது. 1918-இல் தொடங்கிய சென்னைத் தொழிலாளர் சங்கம், இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கங்களில் ஒன்று. ஆனால் ஆதிதிராவிடத் தொழிலாளர்கள் பலர் அந்த வேலைநிறுத்தத்தில் சேரவில்லை. புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்தன, மோதல் மாதக்கணக்கில் நீடித்தது. கருங்காலிகள் என்ற வசையைச் சுமந்தவர்கள் நம் மக்கள். அவர்களுடைய கோரிக்கை எது என்று கேட்டுச் சங்கத்துக்குள் வைத்திருந்தால் நிர்வாகத்துக்கு அந்தப் பிளவு இவ்வளவு எளிதாகப் பயன்பட்டிருக்குமா?

மேற்கில் கோட்பாடுகள் தொடர்ந்து வளர்ந்தன. சிகாகோ அருகே ஹாதோர்ன் ஆலையில் 1924 முதல் 1932 வரை நடந்த ஆய்வுகளைக் கொண்டு, தொழிலாளி கூலிக்காக மட்டும் உழைப்பதில்லை, குழுவும் கவனிப்பும் அவனை இயக்குகின்றன என்று எல்டன் மேயோவின் மரபினர் சொன்னார்கள். 1960-இல் டக்ளஸ் மெக்ரெகர், மேலாளர்களின் மனத்தில் இரண்டு நம்பிக்கைகள் இருப்பதாக எழுதினார். மனிதன் இயல்பிலேயே சோம்பேறி, அவனை விரட்டியே வேலை வாங்க வேண்டும் என்பது எக்ஸ். பொறுப்பைக் கொடுத்தால் மனிதன் தானே ஏற்பான் என்பது ஒய். இவை டெய்லரைவிட மனிதத்தன்மை உள்ளவை, மறுக்கவில்லை. ஆனால் எல்லாமே ஆலைக்குள் வந்துவிட்ட ஆளைப் பற்றிப் பேசுகின்றன. வாசலில் நிறுத்தப்பட்டவரைப் பற்றிப் பேசவில்லை.

குழுக் கோட்பாடு இந்தியத் தறிக்கூடத்துக்கே வந்த கதையும் உண்டு. 1953-இல் லண்டன் டாவிஸ்டாக் நிறுவனத்தின் ஏ.கே. ரைஸ், அகமதாபாத் காலிகோ ஆலையின் தானியங்கித் தறிக்கூடத்தில் ஒரு சோதனை செய்தார். 224 தறிகள், 29 தொழிலாளர்கள். தனித்தனி வேலையாகச் சிதறிக் கிடந்தவர்களைச் சிறு குழுக்களாக்கி, குழுவே தன் வேலையை நடத்திக்கொள்ளவிட்டார். உற்பத்தி உயர்ந்தது, சேதம் குறைந்தது. உலக மேலாண்மை இலக்கியத்தில் இது புகழ்பெற்ற சோதனை. குழுவுக்கான ஆட்களைத் தொழிலாளர்களே ஒருவரையொருவர் பார்த்துத் தேர்ந்துகொண்டார்கள். கேட்க அழகான ஜனநாயகம். ஆனால் அகமதாபாத்திலும் தலித்துகள் பெரும்பாலும் நூற்பில்தான் அடைக்கப்பட்டிருந்தார்கள். நெசவு முஸ்லிம்களுக்கும் பட்டிதார்களுக்கும் உரியதாக இருந்தது. கூடத்துக்குள் வர வாய்ப்பே இல்லாதவர்களை எந்தக் குழு தேர்ந்தெடுக்கும்?

அம்பேத்கர் இதற்கான கோட்பாட்டை முன்பே தந்துவிட்டார். சாதி என்பது வேலையைப் பங்கிடும் ஏற்பாடு மட்டுமல்ல, வேலை செய்கிறவர்களையே மேல் கீழாகப் பிரித்து வைக்கும் ஏற்பாடு என்று 1936-இல் 'சாதி ஒழிப்பு' நூலில் விளக்கினார். 1938 பிப்ரவரியில் மன்மாடில் ஜி.ஐ.பி. ரயில்வேயின் ஒடுக்கப்பட்ட வகுப்புத் தொழிலாளர் மாநாட்டில் அதை நடைமுறையாகவே காட்டினார். தீண்டப்படாதவர் ரயில்வேயில் கேங்மேனாகவே காலம் கழிக்க வேண்டியிருந்தது. போர்ட்டர் வேலைகூட அரிது. ஏன்? ஸ்டேஷன் மாஸ்டர் போர்ட்டரைத் தன் வீட்டு வேலைக்கும் பயன்படுத்திக்கொள்வார். தீண்டப்படாதவரை வீட்டுக்குள் விட முடியாது, அதனால் போர்ட்டர் வேலையும் இல்லை. அதிகாரியின் வீட்டுச் சமையலறை அரசுப் பணியின் தகுதியைத் தீர்மானித்தது. தொழிலாளிக்கு முதலாளித்துவம், பார்ப்பனியம் என இரண்டு எதிரிகள் என்று அவர் சொன்னது அந்த மேடையில்தான். அதே ஆண்டு நவம்பர் 7-இல் தொழில் தகராறு மசோதாவை எதிர்த்துக் கம்யூனிஸ்டுகளோடு சேர்ந்து வேலைநிறுத்தம் நடத்தியவரும் அவர்தான்.

1942 முதல் 1946 வரை வைஸ்ராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை அவர் பொறுப்பில் இருந்தது. அரசு, முதலாளி, தொழிலாளி மூவரும் ஒரே மேசையில் அமரும் முத்தரப்பு மாநாடு நடந்தது. 1943-இல் மத்திய அரசுப் பணிகளில் பட்டியல் சாதியினருக்கு 8.33 விழுக்காடு இட ஒதுக்கீடு வந்தது. 1945-இல் முன்னாள் படைவீரர்களுக்காக வேலைவாய்ப்பு அலுவலகங்கள் தொடங்கின. 1946-இல் ஆலை வேலை நேரம் வாரத்துக்கு 54 மணியிலிருந்து 48 மணியாகக் குறைந்தது. நல்ல மேலாளர் கிடைப்பாரா என்று தொழிலாளியைக் காத்திருக்க வைக்காமல், எந்த மேலாளர் வந்தாலும் மாற்ற முடியாத விதியை எழுதுவதே இவற்றின் வழி.

இன்று நாடா போய்விட்டது. கதவு திறந்துவிட்டதா? இந்தியாவின் முதல் 1,000 நிறுவனங்களின் 9,052 இயக்குநர்களைப் பற்றி 2012-இல் வெளியான ஆய்வில், ஏறத்தாழ 93 விழுக்காட்டினர் முற்பட்ட சாதியினர். பட்டியல் சாதியினரும் பழங்குடியினரும் சேர்ந்து 3.5 விழுக்காடு. இப்போது எச்சில் என்று யாரும் சொல்வதில்லை. 'நம்ம சூழலுக்குப் பொருந்துவாரா' என்று கேட்கிறார்கள். 'தெரிஞ்சவங்க யாராவது சொல்லி அனுப்பினா நல்லது' என்கிறார்கள். ஜாபர் செய்ததும் இதையேதான்.

மாணவ நண்பர்களே, மேலாண்மை படியுங்கள். டெய்லரையும் மேயோவையும் மெக்ரெகரையும் முழுதாகப் படியுங்கள். வகுப்பில் ஒரு கோட்பாடு வந்ததும், இதில் ஆள் எடுத்தது யார், எடுக்கப்படாமல் வெளியே நின்றது யார் என்று கேளுங்கள். சங்கத்தில் இருக்கும் தோழர்களே, நாளை உங்கள் கோரிக்கைப் பட்டியலை எழுதும்போது, துப்புரவுப் பணியிலும் ஒப்பந்தக் கூலியிலும் நிற்பவரைக் கூப்பிட்டு, உன் கோரிக்கை எது என்று கேட்டு, அதையும் எழுதுங்கள். கடைசி வரியாக வேண்டாம். 1928-இல் அம்பேத்கர் கேட்டுப் பெற வேண்டியிருந்தது. நம் காலத்தில் கேட்காமலே அது பட்டியலில் இருக்க வேண்டும்.