படியெடுத்த ஏட்டின் விலை

மாடு களவுபோனால் சந்தை விலை உண்டு. நகை போனால் தட்டார் நிறுத்துச் சொல்வார். கணினி வலையமைப்பினுள் புகுந்தவன் ஓர் ஏட்டைப் படியெடுத்துச் செல்ல, மூலம் இருந்த இடத்திலேயே இருக்குமாயின், உடையவனுக்கு நேர்ந்த நட்டம் யாது? 1990 ஆம் ஆண்டு அமெரிக்காவின் சிக்காகோ நகர நீதிமன்றத்தில் இவ்வினா எழுந்தது.

அந்நாட்டின் தென்பகுதியில் தொலைபேசிச் சேவை நடத்திய பெல்சவுத் என்னும் கம்பனியின் கணினியினுள் 1988 இல் இளைஞரொருவர் புகுந்து, 911 எனப்படும் அவசர அழைப்புச் சேவையின் நிருவாக முறைகளைக் கூறும் ஏடொன்றைப் படியெடுத்தார். மிசூரிப் பல்கலைக்கழக மாணவரொருவர் அதனைச் சுருக்கி, 1989 பெப்ரவரியில் தமது இலத்திரனியல் சஞ்சிகையில் வெளியிட்டார். மறு ஆண்டு அவர்மீது வழக்குத் தொடரப்பட்டது.

களவுப் பொருளை மாநிலம் விட்டு மாநிலம் கடத்தினார் என்பது குற்றச்சாட்டுகளுள் ஒன்று. அச்சட்டம் செல்லுபடியாகப் பொருளின் பெறுமதி 5,000 டொலராயினும் இருத்தல் வேண்டும். ஆகவே மாணவரின் சிறைவாசம் ஏட்டின் விலையைப் பற்றி நின்றது. கம்பனி கூறிய விலையோ 79,449 டொலர்!

இத்தொகை வந்த வழி விந்தையானது. ஏட்டை எழுதியவரின் 200 மணி நேர உழைப்புக்கு 7,000 டொலர் என்பது ஒருவாறு பொருந்தும். ஆனால், எழுதப் பயன்பட்ட கணினிக்கு 31,000, அச்சுப்பொறிக்கு 6,000, மென்பொருளொன்றுக்கு 22,000 எனவும் முழுவிலையே சேர்க்கப்பட்டிருந்தது. அப்பொறிகளோ கம்பனியிடமே இருந்தன. கடிதமொன்று களவுபோனதற்கு மேசைக்கும் நாற்காலிக்கும் விலை கேட்பது போன்ற கணக்கு இது.

கம்பனிக்கு நட்டமே இல்லை என்பதன்று. ஊடுருவலை ஆராய்ந்து அடைப்பதற்கென 1989 கோடையில் 42 ஊழியர் இரவுபகலாக உழைத்தனர். அவர்களின் சம்பளமும், அதனால் தடைப்பட்ட ஏனைய பணிகளுமே உண்மையான செலவு. நேயர்கள் கவனிக்கத்தக்கது யாதெனில், அச்செலவு வலையமைப்பினுள் புகுந்தமையால் விளைந்ததேயன்றி, ஏட்டை வெளியிட்டமையால் விளைந்ததன்று. புகுந்தவர் வேறு, வெளியிட்டவர் வேறு. அட்லாண்டாவில் ஊடுருவல் குற்றத்தை ஒப்புக்கொண்ட மூவர் 1990 ஆம் ஆண்டிலேயே தனியாகத் தண்டிக்கப்பட்டனர்.

சிக்காகோ விசாரணையில் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் காட்டிய சான்று சிறியது. அதே சேவையைப் பற்றி அதனினும் விரிவாகக் கூறும் வெளியீடொன்றை, தொலைபேசிக் கம்பனிகளின் ஆய்வு நிறுவனமான பெல்கோர், கேட்டவர்க்கெல்லாம் 13 டொலருக்கு விற்றுவந்தது. நான்காம் நாளில், 1990 யூலை 27 அன்று, அரசு வழக்கைக் கைவிட்டது. மாணவர் விடுதலையானார், வழக்கறிஞர் கட்டணம் மட்டும் அவர் குடும்பத்தின் தலையில் விழுந்தது.