விசைப்படகில் சுக்கான் இழுப்பு

சுக்கான் இழுப்பு என்பது, நேராக ஓட்டும்போது படகின் ஸ்டீயரிங் சக்கரம் தானாக ஒரு பக்கம் திரும்பப் பார்ப்பதையும், சக்கரம் நடுவில் நிற்கும்போதே அணியம் (படகின் முன்முனை) இடமோ வலமோ ஒதுங்கிப் போவதையும் குறிக்கும். உள்ளே இஞ்சின் வைத்து ஒரே புரொப்பெல்லரால் ஓடும் எல்லாப் படகுகளிலும் இது ஓரளவு உண்டு. ராயபுரத்தை ஒட்டிய காசிமேடு மீன்பிடித் துறைமுகத்திலிருந்து தொழிலுக்குப் போகும் இழுவலை விசைப்படகும், வெளிநாட்டு ஏரிகளில் நீர்ச்சறுக்கு ஆடுபவரை இழுத்துக்கொண்டு பாயும் சிறு வேகப்படகும் அளவிலும் வேகத்திலும் எவ்வளவோ வேறுபட்டவை. ஆனால் இரண்டிலும் இஞ்சின் உள்ளே இருக்கிறது, ஷாஃப்ட் சற்றுச் சாய்ந்து அடிப்பாகத்தைத் துளைத்து வெளியே வருகிறது, அதன் முனையில் புரொப்பெல்லர், அதற்கு நேர் பின்னால் சுக்கான். அதனால் இழுப்புக்கான காரணங்களும் பெரும்பாலும் பொதுவானவை.

இழுப்பு இருப்பது மட்டுமே கோளாறு ஆகாது. ஒவ்வொரு படகுக்கும் அது கட்டப்பட்ட நாளிலிருந்தே பழகிய ஓர் இழுப்பு இருக்கும்; ஓட்டுபவரின் கை அதை அறிந்திருக்கும், அறியாமலே ஈடும் செய்துகொண்டிருக்கும். அந்தப் பழைய இழுப்பு கூடினாலோ, பக்கம் மாறினாலோ, புதிதாக அதிர்வுடன் சேர்ந்து வந்தாலோதான் தேட வேண்டும். பழுது பார்ப்பவர் முதலில் கேட்க வேண்டியது “எந்தப் பக்கம் இழுக்கிறது” என்பதை அல்ல, “எப்போதிலிருந்து இப்படி இழுக்கிறது” என்பதைத்தான்.

காரணம்

பின்னாலிருந்து பார்க்கையில் கடிகார முள் திசையில் சுழலும் புரொப்பெல்லரை வலச்சுழற்சி என்பர். ஷாஃப்ட் பின்பக்கம் தாழ்ந்து சாய்ந்திருப்பதால், கீழே இறங்கும் இதழ் நீரை அதிகக் கோணத்தில் வெட்டுகிறது. மேலே ஏறும் இதழ் குறைந்த கோணத்தில் வெட்டுகிறது. வலச்சுழற்சியில் இறங்கும் இதழ் வலப்பக்கம் இருக்கிறது. எனவே உந்துவிசையின் மையம் நடுக்கோட்டை விட்டு வலப்பக்கம் நகர, அணியம் இடப்பக்கம் தள்ளப்படுகிறது. மூக்கைத் தூக்கி மேலேறும் ஒற்றை இஞ்சின் விமானம் ஒரு பக்கம் இழுப்பதற்கும் இதே விளைவு ஒரு காரணம். ஷாஃப்ட்டின் சாய்வு கூடக்கூட இழுப்பும் கூடும்.

இரண்டாவது காரணம், புரொப்பெல்லர் பின்னுக்குத் தள்ளும் நீர் நேராக வராமல் முறுக்கிக்கொண்டு வருவது. ஷாஃப்ட் மட்டத்துக்கு மேலே உள்ள சுக்கான் பரப்பை அந்த நீர் ஒரு பக்கமும், கீழே உள்ள பரப்பை மறுபக்கமும் தள்ளுகிறது. மேலும் கீழும் பரப்பு சமமாக இருக்காதபோது மிச்சமாகும் விசை சக்கரத்தில் இழுப்பாகத் தெரிகிறது. சுக்கான் தண்டுக்கு முன்னால் எவ்வளவு பரப்பு நீள்கிறது என்பதும் முக்கியம். முன்பரப்பு ஓரளவு இருந்தால் திருப்புவது இலகுவாகும். அளவு மீறினால் சுக்கான் நடுவுக்குத் திரும்ப மறுத்து, திருப்பிய பக்கமே மேலும் ஓடப் பார்க்கும். இது வெறும் தொல்லை அல்ல, ஆபத்து.

பின்னோக்கி ஓட்டும்போது விளைவு தலைகீழாகி இன்னும் வலுவாகத் தெரியும். வலச்சுழற்சிப் படகின் பின்பக்கம் இடப்பக்கம் ஒதுங்கும். படகுகள் நெருக்கியடித்து நிற்கும் காசிமேட்டுக் கரையில் இது பயனும் தரும்: இடப்பக்கம் கரை இருக்கும்படி வந்து பின்னோக்கிக் கியர் போட்டால், படகின் பின்பகுதி தானே கரையை நோக்கி அணையும். இதே படகை வலப்பக்கம் அணைக்கப் போனால் பின்பகுதி கரையை விட்டு விலகும்.

வடசென்னைச் சூழல்

சென்னைத் துறைமுகத்துக்கு வடக்கே அமைந்த காசிமேட்டில், கொள்ளத்தக்கதைவிட அதிகமான படகுகள் நிற்பது நெடுநாள் குறை. அதைத் தணிக்கவே வடக்கே திருவொற்றியூர் குப்பத்தில் இன்னொரு மீன்பிடித் துறைமுகம் எழுந்தது. நெரிசலில் படகோடு படகு உரசுவதும், பின்னோக்கி வரும் படகு அடுத்த படகின் சுக்கானில் இடிப்பதும் எளிதில் நேரக்கூடியவை. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை, 2016 டிசம்பர் 12 அன்று கரை கடந்த வர்தா புயல் போன்ற நாட்களில் கட்டியிருந்த படகுகள் ஒன்றின்மேல் ஒன்று மோதின. அப்படி மோதிய படகில் மேல்பகுதி உடைசலைச் சரிசெய்துவிட்டு, நீருக்குள் லேசாக வளைந்த சுக்கான் தண்டைக் கவனிக்காமல் விட்டால், அடுத்த பயணத்திலேயே அது இழுப்பாக வெளிப்படும்.

இப்பகுதிக்கே உரிய இன்னொரு காரணம் இஞ்சின் மாற்றம். 1948இல் அசோக் மோட்டார்ஸாகத் தொடங்கி, 1955 முதல் அசோக் லேலண்ட் என்று பெயர் பெற்ற நிறுவனத்தின் தாய் ஆலை எண்ணூரில் இருக்கிறது; அதன் டீசல் இஞ்சின்கள் கடல் பயன்பாட்டுக்கு ஏற்ற வடிவில் விசைப்படகுகளிலும் ஓடுகின்றன. பழைய இஞ்சினை எடுத்துவிட்டு வேறு நிறுவனத்தின் இஞ்சினையோ கியர்பாக்ஸையோ பொருத்தும்போது, ஷாஃப்ட்டின் சுழற்சித் திசை மாறிவிடலாம்; அதற்கேற்பப் புரொப்பெல்லரும் இடச்சுழற்சியாக மாற்றப்படும். இதுவரை இடப்பக்கம் இழுத்த படகு அன்றிலிருந்து வலப்பக்கம் இழுக்கும். கரையில் அணையும் பக்கமும் மாறும். இதைக் கோளாறு என்று எண்ணிச் சுக்கானைக் கழற்றுவது வீண் செலவு. ஆனால் பழைய சுழற்சிக்காகச் சற்றுக் கோணலாகப் பொருத்தியிருந்த சுக்கானை அப்படியே விட்டால், இரண்டு விளைவும் ஒன்றுசேர்ந்து இழுப்பு இரட்டிப்பாகும். இஞ்சின் மாற்றும் பட்டறை இதைப் படகின் உரிமையாளரிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் மீன்பிடித் தடைக்காலம். படகைக் கரையேற்றி அடிப்பாகம் பார்ப்பது பெரும்பாலும் இந்த நாட்களில்தான். இதனால் ஒரு சிக்கலும் உண்டு: கோளாறு கடலில் தெரிகிறது, பழுது கரையில் நடக்கிறது. தடைக்காலத்துக்கு முந்தைய பயணங்களிலேயே இழுப்பின் தன்மையைக் குறித்து வைக்காவிட்டால், கரையேற்றிய படகைச் சுற்றி வந்து எதைத் தேடுவது என்றே தெரியாது.

கடலில் கண்டறிதல்

காற்றும் நீரோட்டமும் இல்லாத நேரம் அரிது. ஆகவே சோதனையை இரு திசையிலும் செய்ய வேண்டும். அதிகாலை அமைதியில் ஒரே இஞ்சின் வேகத்தில் வடக்கே சிறிது தூரம், பிறகு அதே கோட்டில் தெற்கே சிறிது தூரம் ஓட்டிப் பார்க்கலாம். இரு முறையும் அணியம் கரையை நோக்கியே (அல்லது இரு முறையும் கடலை நோக்கியே) ஒதுங்கினால் காரணம் காற்றோ நீரோட்டமோதான். போகையிலும் திரும்புகையிலும் படகின் அதே இடப்பக்கமோ வலப்பக்கமோ இழுத்தால் காரணம் படகில் இருக்கிறது.

அடுத்தது சாய்வு. ஐஸ், டீசல், குடிநீர், வலை எல்லாமே கனமானவை. ஒரு பக்கத் தொட்டியிலிருந்து மட்டும் டீசல் எடுத்தால் சில மணி நேரத்தில் படகு சாய்ந்துவிடும். சாய்ந்த பக்கத்துக்கு எதிர்ப்பக்கமாக அணியம் திரும்புவது இயல்பு. கிளம்பும்போது இல்லாத இழுப்பு திரும்பி வரும்போது மட்டும் இருந்தால், முதலில் தொட்டிகளையும் மீன் அறையையும் பார்க்க வேண்டும். வலை இழுக்கும்போது மட்டும் வரும் இழுப்புக்குச் சுக்கானைக் குறை சொல்ல முடியாது. விஞ்சிலிருந்து விட்ட இரண்டு வயர்களின் நீளம் சமமாக இல்லாமலிருக்கலாம், அல்லது வலையின் வாயை விரிக்கும் பலகைகளில் ஒன்று சேற்றில் புதைந்திருக்கலாம்.

எல்லாச் சோதனைகளிலும் மிகப் பயனுள்ளது இது: நல்ல வேகத்தில் ஓடும்போது, முன்னும் பின்னும் வேறு படகு இல்லாத இடத்தில், இஞ்சின் வேகத்தைக் குறைத்துக் கியரை நடுநிலைக்குக் கொண்டுவர வேண்டும். படகு சற்று தூரம் தன் வேகத்திலேயே போகும். புரொப்பெல்லர் உந்துவதை நிறுத்தியதும் இழுப்பும் நின்றால், காரணம் புரொப்பெல்லர், ஷாஃப்ட், அல்லது அந்த முறுக்கு நீரைச் சுக்கான் வாங்கும் விதம். நடுநிலையிலும் இழுப்பு தொடர்ந்தால் வளைந்த சுக்கான், கோணலான ஏரா (படகின் அடிக்கட்டை), ஒரு பக்கம் அடர்ந்த கொட்டலசு (அடிப்பாகத்தில் ஒட்டி வளரும் கடலுயிரி), அடியில் சிக்கிய வலைத்துண்டு ஆகியவற்றில் ஒன்று இருக்கும். துறைமுக நீரில் மிதக்கும் அறுந்த வலையும் நைலான் கயிறும் சுக்கானின் அடிமுனையில் மாட்டிக்கொண்டால் அந்தப் பக்கம் இழுக்கும். ஷாஃப்ட்டில் சுற்றிக்கொண்டால் இழுப்பைவிட அதிர்வும் வேகக் குறைவும்தான் முதலில் தெரியும்.

சக்கரத்திலும் ஒரு வேறுபாடு உண்டு. சங்கிலியும் வயர் கயிறும் கொண்ட பழைய ஸ்டீயரிங்கில் சுக்கானின் விசை நேராகக் கைக்கு வரும். ஹைட்ராலிக் ஸ்டீயரிங்கில் வால்வு அந்த விசையைத் தடுத்துவிடுவதால் சக்கரம் அமைதியாக இருக்கும். படகு மட்டும் மெல்ல ஒதுங்கும். சிலிண்டர் சீல் தேய்ந்திருந்தாலோ குழாயில் காற்று புகுந்திருந்தாலோ சக்கரத்தின் நடுநிலையே நகர்ந்துகொண்டிருக்கும். இதைச் சுக்கான் இழுப்பு என்று தவறாக எண்ணுவது எளிது. இணைப்பைக் கழற்றிச் சுக்கானைக் கையால் இரு பக்கமும் திருப்பினால் விடை கிடைக்கும்: எங்கும் பிடிக்காமல், நடுவிலிருந்து இரு பக்கமும் சமமாக, பொதுவாக 35 பாகை வரை அது திரும்ப வேண்டும்.

கரையில் கண்டறிதல்

படகு கரையேறியதும் அடிப்பாகத்தைக் கழுவுவதற்கு முன்பே ஒரு முறை பார்ப்பது நல்லது. எந்தப் பக்கம் கொட்டலசு அடர்ந்திருக்கிறது, சுக்கானின் எந்த முகத்தில் பெயிண்ட் உரிந்து பளபளக்கிறது என்பவை கழுவிய பின் தெரியாது. பிறகு சுக்கானை நடுவில் நிறுத்தி, ஏராவிலிருந்து நூல் பிடித்து அதன் பின்விளிம்பு நடுக்கோட்டில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஷாஃப்ட்டைப் பின்பக்கமாக உருவி எடுக்க வசதியாகச் சில படகுகளில் சுக்கானைக் கட்டும்போதே நடுக்கோட்டை விட்டு விலக்கி வைப்பார்கள். அதைப் பிழையாகக் கொள்ளக்கூடாது.

சுக்கானைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டினால் புஷ் தேய்மானம் தெரியும். தேய்ந்த புஷ் தனியாக இழுப்பை உண்டாக்காது. ஆனால் சுக்கானை ஓடும்போது ஒரு பக்கம் சாயவிட்டு, இருக்கிற இழுப்பைப் பெரிதாக்கும். புரொப்பெல்லரின் ஒவ்வோர் இதழ் முனையும் ஒரு நிலையான புள்ளியைக் கடக்கும்போது அதே இடைவெளி இருக்க வேண்டும். ஓர் இதழ் மட்டும் வேறுபட்டால் அது வளைந்திருக்கிறது, அதனுடன் அதிர்வும் வந்திருக்கும். வெண்கலப் புரொப்பெல்லருக்கு அருகே எஃகுச் சுக்கான் இருக்கும் படகுகளில் அரிப்பைத் தடுக்க வைத்த துத்தநாகக் கட்டிகள் கரைந்து தீர்ந்துவிட்டால், கடல்நீர் எஃகை அரித்துச் சுக்கானின் விளிம்பைச் சீரற்றதாக்கும். விளிம்பின் இந்தச் சிறு மாற்றமும் இழுப்பில் தெரியும்.

சரிசெய்தல்

வளைந்ததை நிமிர்த்துவதும் தேய்ந்ததை மாற்றுவதும் பட்டறை வேலை. எல்லாம் சரியாக இருந்தும் பிறவி இழுப்பு தொந்தரவு தருமானால், திருத்த வேண்டிய இடம் சுக்கானின் பின்விளிம்பு. நீர்ச்சறுக்குக்கான படகு கயிற்றின் மறுமுனையில் ஆள் பக்கத்துக்குப் பக்கம் இழுக்கும்போதும் நேர்கோட்டில் ஓட வேண்டும். அதனால் அப்படகுகளில் பின்விளிம்பைத் தேய்த்து இழுப்பைக் குறைப்பது வழக்கம்.

படகு இடப்பக்கம் இழுத்தால் பின்விளிம்பின் வலமுகத்தைச் சரிவாகத் தேய்க்க வேண்டும். அப்போது விளிம்பு முனை இடமுகத்தை ஒட்டி நிற்க, நீர் அதை வலப்பக்கம் தள்ளும்; சுக்கான் சற்றே வலப்பக்கம் ஒதுங்கிப் படகை நேராக்கும். வலப்பக்கம் இழுத்தால் இடமுகம். தேய்க்க விருப்பமில்லாவிட்டால், படகு எந்தப் பக்கம் இழுக்கிறதோ அந்த முகத்தில், பின்விளிம்பை ஒட்டி மெல்லிய ஆப்புத் தகடு ஒன்றை வைத்து அதே பயனைப் பெறலாம். விசைப்படகின் தடித்த எஃகுச் சுக்கானுக்குத் தகடே ஏற்றது, தவறினால் எடுத்துவிடலாம். தேய்த்ததைத் திரும்ப ஒட்ட முடியாது. ஆகவே தேய்ப்பவர் சிறிது சிறிதாகத் தேய்த்து, ஒவ்வொரு முறையும் ஓட்டிப் பார்க்க வேண்டும். ஓட்டிப் பார்ப்பது வழக்கமான சுமையுடன் இருக்க வேண்டும். காலிப் படகில் ஷாஃப்ட்டின் சாய்வும் சுக்கான் மூழ்கும் ஆழமும் வேறு.

வெளியே மோட்டார் மாட்டிய ஃபைபர் படகுகளில் இவ்வேலை எளிது. பல மோட்டார்களில் புரொப்பெல்லருக்கு மேலுள்ள தட்டின் அடியில் சிறு வால்துண்டு ஒன்று போல்ட்டால் பொருத்தப்பட்டிருக்கும். படகு எந்தப் பக்கம் இழுக்கிறதோ, அந்த வால்துண்டின் பின்முனையை அதே பக்கம் சற்றுத் திருப்பி முறுக்கினால் போதும்.

விசைப்படகு ஓட்டுவதிலும் அதன் இஞ்சின் பராமரிப்பிலும் முறையான பயிற்சி தரும் மத்திய மீன்வளக் கடல்சார் மற்றும் பொறியியல் பயிற்சி நிறுவனம் 1963இல் கொச்சியில் தொடங்கியது. அதன் சென்னைப் பிரிவு ராயபுரத்தில் இருக்கிறது. பயிற்சி பெற்றவரே ஆனாலும், இழுப்பு திடீரென வந்து, கூடவே சக்கரம் ஒரு பக்கம் இறுகினாலோ, சுக்கான் தண்டின் அருகே நீர் கசிந்தாலோ, மேலே சொன்ன சோதனை எதையும் கடலில் தொடரக்கூடாது. வேகத்தைக் குறைத்து, வலை நீரில் இருந்தால் ஏற்றிவிட்டு, வேறு படகுக்குத் தகவல் சொல்லித் துணையுடன் கரை திரும்ப வேண்டும்.