வெந்நீருக்கு சோலார் போடலாமா? பனமலை, செஞ்சிப் பக்கத்து வீடுகளுக்கு ஒரு கணக்கு

ஐப்பசியில் மழை பிடித்ததும் பனமலை, செஞ்சி சுற்றுவட்டார ஊர்களில் கொல்லைப்புறத்து வெந்நீர் அடுப்பு எரிய ஆரம்பித்துவிடும். மாசி வரை ஓயாது. விறகு ஈரமாக இருக்கும் மாதங்களும் இவைதான். கண் எரிய எரிய அடுப்பை ஊதுவது பெரும்பாலும் வீட்டுப் பெண்கள். அதனால்தான் "சோலார் போட்டுவிடலாமா, கீசர் வாங்கலாமா" என்ற கேள்வி, நிலக்கடலை டிக்கா நோய்க்கும் நெல் குருத்துப்பூச்சிக்கும் மருந்து கேட்பவர்களிடமிருந்தும் இப்போது தவறாமல் வருகிறது.

நேராகவே சொல்லிவிடுகிறேன். சூரிய வெந்நீர்க் கருவி நல்ல பொருள். ஆனால் எல்லா வீட்டுக்கும் அது லாபம் இல்லை. வருடத்தில் எத்தனை நாள் உங்களுக்கு வெந்நீர் வேண்டும், உங்கள் தண்ணீரில் உப்பு எவ்வளவு, இப்போது எரிக்கும் விறகு காசு கொடுத்து வாங்கியதா அல்லது கொல்லையில் கிடைப்பதா, இந்த மூன்றையும் பார்த்துவிட்டுத்தான் பணத்தை எடுக்க வேண்டும்.

உங்கள் வீட்டுக்கு எவ்வளவு வெப்பம் தேவை?

ஐந்து பேர் உள்ள வீடு என்று வைத்துக்கொள்வோம். ஆளுக்கு ஒரு 20 லிட்டர் வாளி. மொத்தம் 100 லிட்டர். மார்கழிக் காலைத் தண்ணீர் 25 டிகிரி இருந்தால் அதைக் குளிக்கும் பதமான 40 டிகிரிக்கு ஏற்ற வேண்டும். இதற்குத் தேவையான வெப்பம் மின்சாரக் கணக்கில் ஒன்றே முக்கால் யூனிட். வீணாவதையும் சேர்த்து 2 யூனிட் என்று வையுங்கள். மாதம் 60 யூனிட். இரண்டு மாத ரீடிங்கில் 120 யூனிட் கூடும். அரசு இலவசமாகத் தரும் 100 யூனிட்டை விட இது அதிகம்.

அதே வேலையை மூன்று கல் அடுப்பில் செய்தால் விறகின் வெப்பத்தில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குதான் அண்டாவுக்குள் போகும். மிச்சம் காற்றோடும் புகையோடும் போய்விடும். காய்ந்த விறகு நாளுக்கு 4 கிலோ ஆகும். ஐந்து மாதத்துக்கு 600 கிலோ. சமையல் கேஸ் என்றால் நாளுக்கு 200 கிராமுக்குச் சற்றுக் கூடுதல். குளிப்பதற்கு மட்டும் மாதம் ஏறக்குறைய அரை சிலிண்டர் போய்விடும்.

இனி லாபக் கணக்கு. 100 லிட்டர் சோலார் கருவியைப் பொருத்தி முடிக்க 20,000 ரூபாய் ஆகிறது, யூனிட் 5 ரூபாய் என்று ஒரு பேச்சுக்கு எடுத்துக்கொள்ளுங்கள். கடையில் கேட்கும் விலையையும் உங்கள் மின் அட்டையில் உள்ள கட்டணத்தையும் இதில் மாற்றிப் போட்டுக்கொள்ளலாம். ஐந்து மாதம் மட்டும் வெந்நீர் போடும் வீட்டில் வருடத்துக்கு 300 யூனிட், அதாவது 1,500 ரூபாய் மிச்சம். போட்ட பணம் திரும்ப 13 வருடம் ஆகும். அதற்குள் கண்ணாடிக் குழாய் உடைவதும் பழுதும் தனி. இந்த வீட்டுக்கு சோலார் வேண்டாம் என்றுதான் நான் சொல்வேன். கடன் வாங்கிப் போடவே வேண்டாம்.

வருடம் முழுவதும் வெந்நீர் ஓடும் வீடு வேறு. நான்கைந்து கறவை மாடு வைத்து, பால் கேனும் கறவைப் பாத்திரமும் தினம் சுடுநீரில் கழுவுகிற வீடு, வயதானவர்களோ கைக்குழந்தையோ இருந்து சித்திரையிலும் வெந்நீர் கேட்கிற வீடு, இவற்றுக்கு அதே கருவி வருடம் 700 யூனிட்டுக்கு மேல் மிச்சம் பிடிக்கும். ஐந்தாறு வருடத்தில் பணம் திரும்பிவிடும். இரண்டு மாதத்தில் 500 யூனிட்டைத் தாண்டுகிற வீடாக இருந்தால் இன்னும் சீக்கிரம் திரும்பும். அந்த அளவைத் தாண்டினால் கட்டணப் படிகளே மாறிவிடுகின்றன.

விறகு கிடைக்கிற வீட்டுக்கு பழைய பாய்லரே போதும்

நம் பக்கம் சவுக்குக் கட்டை, வேலிகாத்தான், பனை மட்டை, தென்னை மட்டை, கடலைத் தோல் எல்லாம் காசில்லாமல் கிடைக்கும் வீடுகள் நிறைய. அங்கே எரிபொருளை மாற்றத் தேவையில்லை, அடுப்பை மாற்றினால் போதும். நடுவில் நெருப்புக் குழாயும் அதைச் சுற்றித் தண்ணீரும் இருக்கிற செம்பு பாய்லரை நம் பாட்டி வீட்டில் பார்த்திருப்பீர்கள். பித்தளைக் கடைக்காரருக்குப் போட்டுவிட்டு அலுமினிய அண்டா வாங்கிய வீடுகள்தான் அதிகம். அதில் நெருப்பைச் சுற்றிலும் தண்ணீர் இருப்பதால் வெப்பம் வெளியே தப்ப இடம் குறைவு. புகை மேலே குழாய் வழியாகப் போய்விடும், முகத்துக்கு வராது. கல் அடுப்பில் ஆகும் விறகில் பாதி மிச்சம். சிறு சிறு துண்டாகப் போட வேண்டும் என்பது மட்டும்தான் கூடுதல் வேலை.

பாய்லரில் தண்ணீர் நிரப்பாமல் நெருப்பு வைத்தால் பற்றவைத்த இணைப்பு உருகிவிடும். ஆவி வெளியேறும் வாயை எதையும் கொண்டு அடைக்காதீர்கள், அது உயிருக்கே ஆபத்து. சாம்பலைக் குப்பையில் கொட்ட வேண்டாம். சாம்பல் சத்து உள்ளது, தென்னைக்கும் வாழைக்கும் போகட்டும்.

பாய்லர் வாங்க முடியாதவர்கள் அண்டாவுக்கு ஒரு மூடியாவது போடுங்கள். அடுப்புக்கு மூன்று பக்கமும் மண் சுவர் எழுப்பி, அண்டாவின் அடிக்கும் நெருப்புக்கும் இடைவெளியைக் குறையுங்கள். 1980-களில் நாடு முழுவதும் புகையில்லா அடுப்புத் திட்டம் வந்தபோது கட்டிய அடுப்புகள் பல வீணாய்ப் போனதற்குப் புகைபோக்கியைச் சுத்தம் செய்யாததும் ஒரு காரணம். மாதம் ஒரு முறை கரியைத் தட்டிவிட்டால் அடுப்பு தன் வேலையைச் செய்யும்.

சாயங்காலம் வயலிலிருந்து வந்து குளிப்பவர்களுக்கு இன்னொரு சுலபமான வழி உண்டு. பழைய ஒரு அங்குலக் கறுப்பு ஹெச்.டி.பி.இ. பைப் 40 மீட்டர் இருந்தால் அதில் 20 லிட்டர் தண்ணீர் நிற்கும். அதை மாடியில் வெயில் படும்படி சுருட்டிப் பரப்பி, தொட்டிக்கும் குளியலறைக்கும் நடுவில் இணைத்துவிடுங்கள். வெயில் நாளில் நான்கு மணிக்கு ஒரு வாளி வெந்நீர் செலவில்லாமல் வரும். ராத்திரியில் ஆறிவிடும் என்பதால் காலைக் குளியலுக்கு உதவாது. சித்திரை, வைகாசியில் தொட்டுப் பார்க்காமல் ஊற்றிக்கொள்ளாதீர்கள், சுட்டுவிடும்.

மாடு நிறைய இருந்தால் சாண எரிவாயுவும் ஒரு வழி. 2 கன மீட்டர் கலத்துக்கு நாளுக்கு 50 கிலோ சாணம் வேண்டும். ஆனால் அந்த வாயுவை முதலில் சமையலுக்கு வையுங்கள், மீந்தால் வெந்நீருக்கு.

வெயிலுக்குக் குறையில்லை, தண்ணீரில்தான் சிக்கல்

நம் பக்கத்து வெயிலில் ஒரு சதுர மீட்டருக்கு நாளொன்றுக்குச் சராசரியாக 5 யூனிட் வெப்பம் விழுகிறது. நம் மாவட்டத்து ஆரோவில்லில் சூரிய சமையலறையின் கூரை மேல் 15 மீட்டர் விட்டத்தில் ஒரு கிண்ணம் அமைத்திருக்கிறார்கள். அது வெயிலைக் குவித்து உண்டாக்கும் நீராவி ஆயிரம் பேருக்குச் சமைக்கும் அளவுக்கு வரும். மேகம் மூடும் நாளுக்காக அங்கேயும் டீசல் கொதிகலன் வைத்திருக்கிறார்கள் என்பதையும் கவனியுங்கள்.

செஞ்சிக் கோட்டை நிற்பதே பாறை மலைகளின் மேல்தான். நம் ஆழ்துளைக் கிணறுகளும் அந்தப் பாறைக்குள்தான் இறங்குகின்றன. அங்கிருந்து வரும் தண்ணீரில் பல இடங்களில் சுண்ணாம்பு அதிகம். தண்ணீர் சூடானதும் சுண்ணாம்பு பிரிந்து படியும். 60 டிகிரிக்கு மேல் இன்னும் வேகமாகப் படியும். வெந்நீர் அண்டாவின் உள்ளே வெள்ளையாகப் பொருக்குக் கட்டுகிறதே, அதுதான். கருவிக்குள்ளும் அதே நடக்கும்.

ஒரு வீட்டில் பார்த்தேன். தட்டையான செம்புத் தகடு வகைக் கருவி. முதல் வருடம் கொதிக்கக் கொதிக்க வந்த தண்ணீர் இரண்டாவது மார்கழியில் வெதுவெதுப்பாகிவிட்டது. கழற்றிப் பார்த்தால் விரல் தடிமன்கூட இல்லாத செம்புக் குழாய்களுக்குள் சாக்பீஸ் போல சுண்ணாம்பு அடைத்திருந்தது. விற்றவர் தண்ணீரைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. வாங்கியவருக்கும் கேட்கத் தோன்றவில்லை.

ஆகவே கடைக்குப் போகும் முன் தண்ணீரைச் சோதனைக்குக் கொடுங்கள். குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் மொத்தக் கடினத்தன்மை எவ்வளவு என்று கேளுங்கள். மண் ஆய்வுக்கூடத்தில் பாசனத்துக்குப் பார்க்கும் சோதனை இதற்குப் போதாது. குடிநீருக்கான இந்தியத் தர அளவு லிட்டருக்கு 200 மில்லிகிராம், வேறு வழியில்லாதபோது 600 வரை. 200-க்குள் இருந்தால் எந்த வகையும் போடலாம். அதற்கு மேல் என்றால் கண்ணாடிக் குழாய் வகை, கடைக்காரர் ஈ.டி.சி. என்பார், அதுதான் தாங்கும். 600-ஐத் தாண்டினால் அந்தத் தண்ணீரைக் கருவிக்கு விடாதீர்கள். பனமலையில் இருப்பது போல ஏரி ஓரத்துத் திறந்த கிணறோ பஞ்சாயத்துத் தொட்டித் தண்ணீரோ இருந்தால் அதையும் சோதித்து, கருவிக்குத் தனித் தொட்டி வையுங்கள். உப்புப் போட்டு மென்மையாக்கும் கருவி வைப்பவர்கள் அதன் கழிவு நீரைத் தோட்டத்துக்கு விடக் கூடாது. அதில் உள்ள சோடியம் மண்ணைக் கெடுத்துவிடும்.

வாங்குவது என்று முடிவு செய்தால்

ஐந்து பேருக்கு 100 லிட்டர் கருவி போதும். "200 லிட்டர்தான் சரிப்படும்" என்பது விற்பவர் பேச்சு. கருவியில் 55 டிகிரியில் இருக்கும் 100 லிட்டரோடு பச்சைத் தண்ணீர் கலந்தால் குளிக்கும் பதத்தில் 200 லிட்டர் கிடைக்கும். பத்து வாளி.

கருவி தெற்குப் பார்க்க வேண்டும். 20 முதல் 25 டிகிரி சாய்வு நமக்குச் சரி. மார்கழியில் சூரியன் தெற்கே சாய்ந்து போவதால் தெற்குப் பக்கத்து மரத்தின் நிழல் நீளும். கூரை மட்டத்துக்கு மேல் 10 மீட்டர் உயர்ந்த தென்னை, உச்சி வேளையிலேயே 7 மீட்டர் நிழல் விழும்படி செய்யும். ஆடி மாதத்தில் இடம் பார்த்துவிட்டு ஏமாறாதீர்கள். தண்ணீர் நிரம்பிய கருவி 150 கிலோவுக்கு மேல் எடை நிற்கும். ஓட்டு வீட்டிலும் பழைய தளத்திலும் மேஸ்திரியைக் கேட்காமல் ஏற்ற வேண்டாம். தாங்கியை போல்ட் போட்டுத் தளத்தோடு பிணையுங்கள். 2011 டிசம்பரில் தானே, 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் என்று இரண்டு புயலைப் பார்த்த மாவட்டம் இது. குரங்குத் தொல்லை உள்ள மலையடி ஊர்களில் கம்பி வலை போட்டால் நிழல் கொஞ்சம் விழும், ஆனால் கண்ணாடி பிழைக்கும்.

குளிர்ந்த தண்ணீர்த் தொட்டி கருவியை விட உயரத்தில் இருக்க வேண்டும். வெந்நீர் வரும் வழிக்கு சி.பி.வி.சி. பைப் போடுங்கள், சாதாரண பி.வி.சி. வளைந்துவிடும். குளியலறை தூரத்தில் இருந்தால் முக்கால் அங்குலப் பைப்பில் 20 மீட்டருக்கு ஐந்தாறு லிட்டர் ஆறின தண்ணீர் நிற்கும். தினமும் அதைக் கீழே விட்ட பிறகுதான் சூடு வரும். எனவே குளியலறைக்கு நேர் மேலே வையுங்கள், பைப்புக்கு ஃபோம் உறை மாட்டுங்கள். வெயிலில் காய்ந்த காலிக் கண்ணாடிக் குழாயில் மதியம் தண்ணீர் விட்டால் வெடிக்கும், விடியற்காலையில்தான் நிரப்ப வேண்டும்.

மானியம் பற்றி ஒரு எச்சரிக்கை. பிரதமரின் சூர்ய கர் திட்டத்தில் தரப்படும் 78,000 ரூபாய் வரையிலான மானியம் கூரையில் மின்சாரம் எடுக்கும் தகடுகளுக்கு. வெந்நீர்க் கருவிக்கு அல்ல. இதைக் காட்டி முன்பணம் கேட்பவரிடம் கொடுக்காதீர்கள்.

ஹீட்டர் ராடும் கேஸ் கீசரும்

அடைமழை நாளுக்கு மின்சாரம் கைகொடுக்க வேண்டியிருக்கும். தொட்டி வைத்த கீசர் என்றால் நட்சத்திரம் கூடுதலானதை வாங்குங்கள், சூடு அதில் தங்கும். குளிப்பதற்குக் கால் மணி முன்னால் போட்டு, குளிக்கும் முன் அணைத்துவிடுங்கள்.

வாளியில் போடும் ஹீட்டர் ராடுதான் எனக்குப் பயம். பிளக்கைக் கழற்றிய பிறகுதான் தண்ணீரைத் தொட வேண்டும். சுவிட்சை அணைத்தது மட்டும் போதாது. இரும்பு வாளி வேண்டவே வேண்டாம். பாறை நிலத்தில் எர்த் சரியாக இறங்காது, கோடையில் இன்னும் மோசம். எலக்ட்ரீசியனை விட்டு எர்த்தைச் சோதித்து, 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. ஒன்று மாட்டச் சொல்லுங்கள். மோட்டார் கொட்டகையின் இலவச இணைப்பிலிருந்து ஒயர் இழுத்து ராட் போடுவது சட்டப்படி குற்றம், அந்த ஒயரில் பாதுகாப்பும் கிடையாது.

கேஸ் கீசரை மூடிய குளியலறைக்குள் மாட்டக் கூடாது. எரியும்போது வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது. குளிக்கப் போனவர் மயங்கி விழுந்தால் வெளியே தெரியாது. கருவியை வெளிச்சுவரில் மாட்டி, வெந்நீர்ப் பைப்பை மட்டும் உள்ளே கொண்டுவாருங்கள். ஏற்கெனவே உள்ளே மாட்டியிருந்தால் இந்த மழைக்கு முன்பே மாற்றிவிடுங்கள்.