கேட்ட நூலும் கற்ற நூலும்

இளமையில் விரும்பிப் படித்த நூல் ஒன்றை நடுவயதில் மீண்டும் கையில் எடுக்கும்போது, நூல்தான் மாறிவிட்டதோ என்று மயங்குகிறோம். எழுத்துகள் அவ்வாறே உள்ளன, தாள்கள் சற்றுப் பழுப்பேறியிருக்கின்றன, மாறியவர் நாமே. இதனை எல்லோரும் அறிவர். ஆயின், இளமையில் நாம் பொருட்படுத்தாது விட்ட நூல்கள் பிற்காலத்தில் தாமே நம்மிடம் வந்து சேருமா, அன்றி நாம்தாம் அவற்றைத் தேடிச் செல்லவேண்டுமா என்பது வேறொரு வினா. இவ்வினாவுக்கு மைசூர் நகரத்துத் தமிழ் இல்லம் ஒன்றின் வரலாறு நல்லதொரு விடை தருகிறது.

1929ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 16ஆம் நாள் மைசூரில் ஒரு ஸ்ரீவைணவத் தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர் ஏ. கே. ராமானுஜன். தந்தையார் மைசூர்ப் பல்கலைக்கழகத்தில் கணிதப் பேராசிரியர். அவ்வீட்டின் கீழ்த்தளத்தில், அன்னையும் பாட்டியும் புழங்கிய அடுக்களையில், தமிழ் ஒலித்தது. மாடியில் தந்தையாரின் நூலறையில் ஆங்கிலம் ஆட்சி செய்தது. வாயிற்படி தாண்டினால் கன்னடம். இவ்வாறு மூன்று மொழிகள் சூழ வளர்ந்த ராமானுஜன், மகாராஜா கல்லூரியில் பயின்றது ஆங்கில இலக்கியத்தையே. தமிழ் அவருக்குப் பேசும் மொழியாகவும் கேட்கும் மொழியாகவும் இருந்ததேயன்றிப் பயிலும் மொழியாக இருக்கவில்லை.

பதின்பருவத்தில் அவர் உள்ளத்தைக் கவர்ந்தவை கன்னட வசனங்கள். பன்னிரண்டாம் நூற்றாண்டில் பசவண்ணரும் அல்லமப் பிரபுவும் அக்கமகாதேவியும் அருளிய அவ்வசனங்கள், குலப்பெருமையையும் வெறுஞ்சடங்கையும் கடிந்துரைப்பவை. பிறந்த குலத்தின் ஆசாரங்களை ஐயுறும் வயதில் ஓர் இளைஞனுக்கு அவை இனித்ததில் வியப்பில்லை. இளமை மறுப்பை விரும்பும். மறுப்புக்குத் துணைநிற்கும் நூலையும் விரும்பும். ஆழ்வார் பாசுரங்களை நாள்தோறும் ஓதுவது ஸ்ரீவைணவ இல்லங்களின் மரபு. காதருகே ஒலிப்பதாலேயே கருத்தில் புகாத நூல்களும் உண்டன்றோ!

1959இல் அவர் அமெரிக்கா சென்றார். 1962இல், தம் முப்பத்து மூன்றாம் வயதில், சிகாகோப் பல்கலைக்கழக நூலகம் ஒன்றின் நிலவறையில் பழந்தமிழ் இலக்கணம் கற்பதற்கேற்ற எளிய நூல் ஒன்றைத் தேடிக்கொண்டிருந்தார். அவ்விடத்தில் அவர் கண்ணிற் பட்டது, மகாமகோபாத்தியாய உ. வே. சாமிநாதையர் 1937இல் பதிப்பித்த குறுந்தொகை. தேடியது இலக்கணம், கிடைத்தது இலக்கியம். தாய்மொழியின் மிகப் பழைய செல்வத்தை, ஆயிரக்கணக்கான கல் தொலைவில், ஒரு மாணவனைப்போல அவர் முதலிலிருந்து கற்கவேண்டியதாயிற்று. அப்பயிற்சியின் விளைவாகக் குறுந்தொகைப் பாடல்களின் ஆங்கில மொழிபெயர்ப்பு 1967இல் வெளிவந்தது.

இவ்விடத்தில் ஐயரவர்களின் வாழ்வையும் நினைவுகூர்தல் தகும். 1855இல் பிறந்த அவர், அந்தாதியும் கோவையும் புராணமும் துறைபோகக் கற்றவர். 1880இல் கும்பகோணத்தில் சேலம் இராமசுவாமி முதலியாரைச் சந்தித்தபோது, சீவக சிந்தாமணி முதலிய பழைய நூல்களைப் பயின்றதுண்டா என்ற கேள்வி எழுந்தது. தாம் கற்றதே கல்வி என்றிருந்த இருபத்தைந்து வயது ஆசிரியரின் நாட்டம் அன்று திசைமாறிற்று. 1887இல் சிந்தாமணி அச்சேறியது. குறுந்தொகையை அவர் வெளியிட்டபோது வயது எண்பத்திரண்டு. அம்முதியவரின் உழைப்பே இருபத்தைந்து ஆண்டுகள் கழித்து மைசூரில் பிறந்த ஒருவரின் கையில் கடல் கடந்து சேர்ந்தது.

பின்னர் நிகழ்ந்தவை மேலும் சிந்திக்கத்தக்கவை. இளமையில் விரும்பிய வசனங்களை ராமானுஜன் 1973இல் ஆங்கிலத்தில் தந்தார். எட்டு ஆண்டுகள் கழித்து, 1981இல், ஐம்பத்திரண்டாம் வயதில் அவர் வெளியிட்டது நம்மாழ்வார் பாசுரங்களின் மொழிபெயர்ப்பு. இளமையிலேயே அவர் திரட்டத் தொடங்கிய நாட்டுப்புறக் கதைகள், பாரத நாட்டுப் பல மொழிகளினின்றும் தேர்ந்த பெருந்தொகையாக வெளிவந்தது 1991இல்தான். அடுக்களையில் முதலிற் கேட்டது அச்சில் கடைசியாக வந்தது.

தந்தையையும் அவர் இவ்வாறே மீண்டும் பயின்றார். அப்பேராசிரியர் வானநூலும் அறிந்தவர், சோதிடமும் வல்லவர். இரண்டும் ஒருவருள் எவ்வாறு பொருந்தும் என்று பகுத்தறிவை மேற்கொண்ட மகன் இளமையில் இடர்ப்பட்டார். அறுபது வயதில், 1989இல், இந்தியச் சிந்தனை முறை என ஒன்று உண்டா என்று வினவும் கட்டுரையை எழுதியபோது, அம்முரண்பாட்டிலிருந்தே தொடங்கினார். இடமும் காலமும் சூழலும் நோக்கிப் பொருள்கொள்வதே நம் மரபின் போக்கு என்று விளக்கி, அதற்குச் சங்க அகப்பாடல்களின் திணைநெறியையும் எடுத்துக்காட்டினார். தந்தையைப் புரிந்துகொள்ள அவருக்குக் குறுந்தொகை உதவிற்று எனலாம்.

மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்டு நாற்பதைக் கடந்துவிட்ட எமக்கும் இதில் ஒரு சிறு பங்குண்டு. கல்லூரி நாளில் குறுந்தொகை படித்தபோது, உடன்போக்கில் சென்ற காதலரோடு நாமும் நடந்தோம். வெள்ளிவீதியாரின் பாட்டொன்றில், மகளைத் தேடிப் பாலைவழியில் செவிலித்தாய் செல்கிறாள். எதிர்வருவோரையெல்லாம் உற்றுநோக்கிக் கண் ஒளியிழந்து, கால் தளர்ந்து நிற்கிறாள். அன்று அவள் எமக்குத் தேர்வுக்குரிய ஒரு கூற்று மட்டுமே. இன்று அப்பாட்டைத் திறந்தால், காதலர் எங்கோ முன்னே சென்று மறைந்துவிடுகின்றனர். நாம் அச்செவிலியின் பக்கத்தில் நிற்கிறோம். அடிகள் ஐந்துக்கு மேற்படாத பாட்டு. அதனை அறிய இருபது ஆண்டுகள் வேண்டியிருந்தன.

மைசூர்த் தமிழ் இல்லங்களில் தமிழ் பேசத் தெரிந்தும் தமிழ் எழுத்து அறியாத பிள்ளைகள் பலர் உள்ளனர். அவர்களுடைய நாட்டம் வேறு நூல்களில் செல்வது கண்டு பெற்றோர் வருந்துவதையும், சிலர் சினப்பதையும் காண்கிறோம். அந்நாட்டம் பிழையன்று, அது வயதின் இயல்பு. ஆனால், விட்ட நூல் தானே வந்து சேராது. தேடும் நாள் ஒன்று வரவேண்டும். அந்நாளில் அந்நூல் ஏதேனும் ஓர் அடுக்கில் இருக்கவும் வேண்டும். சிகாகோ நிலவறையில் ஐயர் பதிப்பு இருந்தது. ஆகவே ராமானுஜன் கண்டெடுத்தார். பிள்ளைகளுக்கு எழுத்தைக் கற்பிப்போம். நூல்களை எடைக்குப் போடாமல் வீட்டில் வைத்திருப்போம். படிக்கும் வயதை அவர்களே அடைவார்கள்.