எல்லை கடக்கும் கலைமகள்

நவராத்திரிக்கு முந்திய நாட்களில், பெருங்கடவிளையிலிருந்தும் சுற்றுப்புற ஊர்களிலிருந்தும் நெய்யாற்றின்கரைப் பெருவழிக்கு வந்து நிற்போர் ஓர் அரிய காட்சியைக் காண்பர். யானைமீது கலைமகள் எழுந்தருளி வருகின்றாள். வேளிமலைக் குமாரசுவாமியும் சுசீந்திரம் முன்னூற்று நங்கையும் உடன் வருகின்றனர். திருவிதாங்கூர் மன்னரின் உடைவாளும் பவனியில் இடம்பெறுகின்றது.

சமயநூல்கள் அன்னை பராசக்தியை மூன்று வடிவங்களில் போற்றுகின்றன. துர்க்கை சிங்கத்தின்மேல் அமர்ந்து எருமைத்தலை அசுரனை வெல்கின்றாள். தேவர் பலர் அளித்த படைக்கலங்களே அவள் கைகளில் விளங்குகின்றன. சிதறிக் கிடந்த ஆற்றல்கள் ஒன்றுகூடினால் தீமை வீழும் என்பது இதன் உட்பொருள். செந்தாமரையில் வீற்றிருக்கும் திருமகளை இருபுறமும் யானைகள் நீராட்டுகின்றன. அவற்றை மழைமேகங்கள் என்பர். மழையின்றி விளைவில்லை, விளைவின்றிச் செல்வமில்லை அன்றோ! வெண்தாமரையில் அமரும் கலைமகள் ஏட்டையும் அக்கமாலையையும் வீணையையும் ஏந்துகின்றாள். ஏடு கற்பதற்கு, மாலை கற்றதை மீண்டும் மீண்டும் நினைப்பதற்கு, வீணை கற்றதைப் பிறர் உள்ளம் இனிக்கத் தருவதற்கு எனக் கொள்ளலாம்.

பவனி வரும் கலைமகள் பத்மநாபபுரம் அரண்மனையின் தேவாரக்கெட்டில் வழிபடப்பெறும் திருமேனி. கம்பர் பூசித்துச் சேர மன்னனிடம் ஒப்படைத்தது இது என்பது செவிவழி மரபு. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் தலைநகர் திருவனந்தபுரத்துக்கு மாறியது. நவராத்திரி விழாவும் அங்கே நிலைபெறவே, அன்னை ஆண்டுதோறும் பயணம் மேற்கொள்ளலானாள். குழித்துறையில் ஓர் இரவும் நெய்யாற்றின்கரையில் ஓர் இரவும் தங்கி, மூன்றாம் நாள் நகர் சேர்வது வழக்கம்.

1956 நவம்பர் 1ஆம் நாள் மாநிலங்கள் மொழிவழி பிரிந்தன. கல்குளமும் விளவங்கோடும் தமிழகத்தோடு இணைந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. அன்று முதல் அன்னை களியக்காவிளையில் ஒரு மாநில எல்லையைக் கடக்கின்றாள். இரு மாநிலக் காவலரும் மரியாதை செலுத்துகின்றனர். அவள் இருக்கும் அரண்மனையோ தமிழக மண்ணில் நின்றும் கேரள அரசின் பராமரிப்பிலேயே உள்ளது. நிலத்தைப் பங்கிட்டவர்கள் அன்னையைப் பங்கிடவில்லை.

ஆயினும் மற்றோர் எல்லை நெடுங்காலம் நின்றது. திருவனந்தபுரம் நவராத்திரி மண்டபத்தில் ஒன்பது மாலைகளிலும் சுவாதித் திருநாள் மன்னர் (1813–1846) இயற்றிய ஒன்பது கீர்த்தனைகள் நாளுக்கொன்றாகப் பாடப்பெறுகின்றன. கேட்கும் தெய்வம் பெண். கையில் இருப்பது வீணை. ஆனால் அவள் திருமுன் அமர்ந்து கச்சேரி செய்யும் உரிமை பெண்களுக்கு இல்லாதிருந்தது. குறியீட்டைப் போற்றி, அதன் பொருளை வாயிலிலேயே நிறுத்திவிட்டோம் என்பதை நாம் மறைத்தல் ஆகாது.

அத்தடை 2006இல் நீங்கியது. அன்று அம்மண்டபத்தில் முதன்முதலாகப் பாடிய பெண்மணி, அன்னை கடந்து வரும் அதே வழியிலுள்ள பாறசாலையில் 1924இல் பிறந்த பொன்னம்மாள் ஆவார். சுவாதித் திருநாள் இசைக் கல்லூரியில் பயின்று, அங்கேயே ஆசிரியையாகவும் பணியாற்றிய அப்பெருமாட்டிக்கு அப்போது அகவை எண்பதைக் கடந்திருந்தது. 2017இல் பத்மஸ்ரீ விருது பெற்று, 2021இல் மறைந்தார்.

தகுதி அவருக்கு இளமையிலேயே இருந்தது. வாயில் திறக்கத்தான் அத்துணைக் காலம் ஆயிற்று. விஜயதசமியன்று நம் ஊர்களில் ஆண், பெண் என்ற வேறுபாடின்றிக் குழந்தைகளின் விரலைப் பற்றி அரிசியில் எழுத்தறிவிக்கின்றோம். அவ்வாறு எழுதத் தொடங்கிய பெண்குழந்தை, கற்றதனைத்தையும் அரங்கேற்றும் இடத்திலும் தடையின்றி அமர வேண்டும். கலைமகளுக்கு நாம் செய்யும் பூசனை அப்போதே நிறைவுறும்.