வெள்ளவத்தைக்கு எப்படிப் போவது?

கனடாவில் வாழும் என் பல்கலைக்கழக நண்பரின் மகன் அண்மையில் முதற்தடவையாகக் கொழும்புக்கு வந்திருந்தான். கோட்டை புகையிரத நிலைய வாசலில் நின்று தொலைபேசியில் என்னை அழைத்து, "மாமா, வெள்ளவத்தைக்கு எப்பிடி வாறது?" என்று கேட்டான். "100ஆம் இலக்க பஸ் வரும், ஏறு. இல்லாட்டி உள்ளே போய்க் கரையோர ரயிலில் ஏறு. பம்பலப்பிட்டிக்கு அடுத்தது வெள்ளவத்தை. வலப்பக்க யன்னலோரம் இரு, கடல் தெரியும்" என்றேன்.

பதில் அரை நிமிடத்தில் முடிந்துவிட்டது. ஆனால், ஏறத்தாழ எட்டுக் கிலோமீட்டர் நீளமான அந்தப் பாதையின் வரலாறு அத்தனை சுருக்கமானதன்று.

இலங்கையின் முதலாவது புகையிரதப் பாதை 1865இல் கொழும்புக்கும் அம்பேபுஸ்ஸவுக்கும் இடையே திறக்கப்பட்டது. மலையகத்துக் கோப்பியைத் துறைமுகத்துக்குக் கொண்டுவருவதே ஆங்கிலேயரின் நோக்கமாக இருந்தது. கரையோரப் பாதை அதன் பின்னரே தெற்கு நோக்கிப் படிப்படியாக நீண்டு, 1894இல் காலியையும் 1895இல் மாத்தறையையும் அடைந்தது. கடலை ஒட்டியே தண்டவாளம் செல்வதால், வெள்ளவத்தை நிலைய மேடையில் நிற்பவரின் முகத்தில் உப்புக்காற்று அறையும்.

இந்தப் பாதையே வெள்ளவத்தையைத் தமிழர் வாழும் இடமாக்கியது என்று சொன்னால் மிகையாகாது. யாழ்ப்பாணத்து மிஷன் பாடசாலைகளில் ஆங்கிலம் கற்று அரச சேவைக்கு வந்த எழுதுவினைஞர்களுக்குக் கோட்டையில் வேலை. வாடகைக்கு வீடு வெள்ளவத்தையில். சட்டைப்பையில் ஒரு மாதாந்த சீசன் டிக்கெட் இருந்தால் இரண்டையும் இணைத்துக்கொள்ளலாம். 1956இல் யாழ்தேவி ஓடத் தொடங்கியபின், ஊருக்கும் வெள்ளவத்தைக்கும் இடையே கோட்டையில் ஒரு தடவை ரயில் மாறினால் போதும் என்றாயிற்று.

பஸ்ஸின் கதை வேறு. காலி வீதியில் அக்காலத்தில் சேர் சிறில் டி சொய்சாவின் பஸ் கம்பனி கோலோச்சியது. 1958 ஜனவரி 1ஆம் திகதி தனியார் பஸ் சேவைகள் யாவும் தேசியமயமாக்கப்பட்டு இலங்கைப் போக்குவரத்துச் சபை உதயமாயிற்று. புதிய சபையின் பஸ்கள் சிங்கள 'ஸ்ரீ' எழுத்துப் பொறித்த இலக்கத்தகடுகளுடன் வடக்குக்கு அனுப்பப்பட்டபோது தமிழர்கள் அந்த எழுத்தின்மீது தார் பூசினர். பதிலுக்குத் தெற்கில் தமிழ் எழுத்துகள் தார் பூசி அழிக்கப்பட்டன. ஏப்ரலில் பண்டா - செல்வா ஒப்பந்தம் கிழிந்தது. மே மாதத்தில் கலவரம் வெடித்தது. 100ஆம் இலக்க பஸ்ஸின் மறுமுனையான பாணந்துறையில் கோயில் பூசகர் ஒருவர் எரித்துக் கொல்லப்பட்டார். ஊர் சேர்க்கும் வாகனத்தின் நெற்றியில் இருந்த ஓர் எழுத்து ஊரையே பிரித்துவிட்டது.

1983 ஜூலையில் நான் யாழ்ப்பாணத்தில் பாடசாலை மாணவன். வெள்ளவத்தையில் குடியிருந்த என் மாமா காங்கேசன்துறையில் அகதிக் கப்பலிலிருந்து இறங்கி வந்தார். உடுத்த உடையைத் தவிர அவரிடம் எஞ்சியிருந்தது சட்டைப்பையில் கிடந்த சீசன் டிக்கெட் மட்டுமே. ஜூலை மாதம் முடிய இன்னும் சில நாட்கள் இருந்தன. மாமா மீண்டும் கொழும்பு செல்லவேயில்லை.

ஆயினும் நான் சென்றேன். 1990களின் நடுப்பகுதியில் பத்திரிகைப் பணியில் சேர்ந்தபோது வெள்ளவத்தை லொட்ஜ் ஒன்றின் சிற்றறையே என் வீடாயிற்று. வடக்கிலிருந்து இடம்பெயர்ந்தோரும் வெளிநாட்டு விசாவுக்குக் காத்திருப்போரும் நிறைந்திருந்த காலம் அது. பஸ்ஸில் ஏறுமுன் சில்லறை இருக்கிறதா என்று பார்ப்பதற்கு முன்னர், அடையாள அட்டையும் பொலிஸ் பதிவுத் துண்டும் இருக்கின்றனவா என்றே கை தேடும்.

1996 ஜூலை 24ஆம் திகதி மாலை, வேலை முடிந்து வீடு திரும்பியோரால் நிறைந்திருந்த ரயிலில், வெள்ளவத்தைக்கு அடுத்த நிலையமான தெஹிவளையில் குண்டுகள் வெடித்தன. 64 பேர் மாண்டனர். நானூறுக்கும் மேற்பட்டோர் காயமடைந்தனர். விடுதலைப் புலிகளே பொறுப்பு என்று அரசாங்கம் குற்றஞ்சாட்டியது. மாண்டோர் எங்களைப் போன்றே சீசன் டிக்கெட் பயணிகள். மறுநாள் அதே பாதையில் பயணித்தபோது, நான் பணிபுரிந்த தமிழ்ப் பத்திரிகையைத் தலைப்பு வெளித்தெரியாதவாறு மடித்துக் கைப்பைக்குள் மறைத்தேன். எவரும் என்னை எதுவும் கேட்கவில்லை. ஆனாலும் பல ஆண்டுகள் அந்தப் பழக்கம் என்னை விட்டு நீங்கவில்லை.

2007 ஜூன் 7ஆம் திகதி விடிகாலை, வெள்ளவத்தை உள்ளிட்ட கொழும்புப் பகுதி லொட்ஜுகளிலிருந்து 376 தமிழர்கள் பஸ்களில் ஏற்றப்பட்டு வவுனியா உள்ளிட்ட இடங்களை நோக்கி அனுப்பப்பட்டனர். மறுநாளே உயர்நீதிமன்றம் அந்த வெளியேற்றத்துக்குத் தடை விதித்தது. சில நாட்களில் பிரதமர் ரத்னசிறி விக்கிரமநாயக்க பகிரங்கமாக வருத்தம் தெரிவித்தார். பயணிகளை வெள்ளவத்தைக்குக் கொண்டுவரவென்றே ஓடும் பஸ், அன்று அவர்களை அங்கிருந்து அகற்றவும் பயன்பட்டது.

போர் 2009இல் முடிந்தது. 1990இல் அறுந்த வடக்குப் பாதை 2014 ஒக்டோபரில் யாழ்ப்பாணம்வரை மீண்டும் திறக்கப்பட்டது. 2015 ஜனவரியில் காங்கேசன்துறையையும் எட்டியது. பின்னர் கல்கிசையிலிருந்து காங்கேசன்துறைக்குக் கடுகதிச் சேவை ஆரம்பிக்கப்பட்டபோது, கோட்டையில் மாறாமலே வெள்ளவத்தை மேடையில் ஏறி ஊரில் இறங்கலாம் என்றாயிற்று. மாமா அதைக் காண உயிரோடு இருக்கவில்லை.

நண்பரின் மகன் ரயிலில் ஏறிய பின்னர் மீண்டும் அழைத்தான். "மாமா, கடல் தெரியுது!" என்று உரத்த குரலில் தமிழில் சொன்னான். சுற்றிலும் ஆட்களின் பேச்சொலி கேட்டது. "மெல்லப் பேசு" என்று சொல்ல என் வாய் உன்னிவிட்டது. சொல்லவில்லை. நிலையத்துக்கு நடந்துபோய் மேடையில் அவனுக்காகக் காத்து நின்றேன்.